கீழ் வீடு அண்ணனுக்கு, மேல் வீடு தம்பிக்கு: கிராண்டு என்ன சொல்கிறது?

கிள்ளான், பூச்சோங், ஷா ஆலம் வட்டாரங்களில் வீடு தேடுகிறவர்களின் கண்ணில் 'டவுன்ஹவுஸ்' என்ற சொல் அடிக்கடி படும். வெளியிலிருந்து பார்த்தால் மாடி வைத்த டெரஸ் வீடு போலத்தான் இருக்கும். ஆனால் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. வாசல் தனி, பெரும்பாலும் மின்சார மீட்டரும் தனி. "ரெண்டு குடும்பம் தங்கலாம்" என்று ஏஜெண்டு சொன்னதுமே நம் வீடுகளில் ஒரு கணக்கு ஓடும். கீழே அம்மாவும் அண்ணன் குடும்பமும், மேலே தம்பி குடும்பம். முட்டிவலியோடு அம்மா படி ஏற வேண்டியதில்லை.

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான் வாழ்ந்தோம். ஆனால் அவை நிர்வாகம் கொடுத்த வீடுகள். கிராண்டு யார் பெயரில் என்று நாம் கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்கும் வீட்டில் முதல் கேள்வியே அதுதான்.

பலர் செய்வது இது: டவுன்ஹவுஸுக்குப் பதில் ஒரு இரட்டை மாடி டெரஸ் வீட்டை அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கி, மாடிக்கு ஒரு குடும்பமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இதில் கிராண்டு ஒன்றுதான். அதில் இருவர் பெயரும் பாதிப் பாதி என்று பதிவாகும். அந்தப் பாதி என்பது முழு வீட்டிலும் பாதி. 'கீழ்த்தளம் எனக்கு, மேல்தளம் உனக்கு' என்று வாய்ப்பேச்சில் முடிவானது கிராண்டில் ஏறாது. வங்கிக் கடனும் அப்படியே. கூட்டுக் கடனில் தம்பி தவணை கட்டாவிட்டால், வங்கி அண்ணனிடம் பாதியை மட்டும் கேட்காது, முழுவதையும் கேட்கும்.

பெரிய சிக்கல் ஒருவர் இறக்கும்போது வருகிறது. மற்றவருக்கு வீடு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. தீபகற்ப மலேசியாவின் நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. உயில் எழுதாமல் அண்ணன் இறந்தால், முஸ்லிம் அல்லாதோருக்கான 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி அவருடைய பங்கில் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, உயிரோடிருக்கும் பெற்றோருக்குக் கால். தம்பிக்கு அதில் ஒன்றுமில்லை. அதாவது, நேற்று வரை இருவர் பெயரில் இருந்த வீடு இன்று தம்பி, அண்ணி, அம்மா, பிள்ளைகள் என்று அரை டஜன் பேரின் சொத்து. ஒருவர் விற்கலாம் என்று சொல்லி இன்னொருவர் மறுத்தால், உயர் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும். தீபாவளிக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் வழக்கறிஞர் கடிதம் வழியாகப் பேசிக்கொள்வது இப்படித்தான் தொடங்குகிறது.

டவுன்ஹவுஸ் இந்த இடத்தில்தான் உதவும். கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் தனித்தனி ஸ்ட்ராத்தா கிராண்டு உண்டு. அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று. கடனும் தனி, உயிலும் தனி. ஆனால் பழைய திட்டங்கள் சிலவற்றில் ஸ்ட்ராத்தா கிராண்டு இன்னும் பிரிக்கப்படாமல் மேம்பாட்டாளரின் தாய்க் கிராண்டிலேயே கிடக்கலாம். அப்படியானால் விற்கவும் வாங்கவும் மேம்பாட்டாளரை நாட வேண்டியிருக்கும். அந்த நிறுவனமே மூடப்பட்டிருந்தால் அலைச்சல்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' போட்டுப் பாருங்கள். பூமிபுத்ரா ஒதுக்கீடு, குத்தகைக் காலம், மாற்றத்துக்கு மாநில அரசின் அனுமதி தேவையா என்பதெல்லாம் அதில் தெரியும். ஸ்ட்ராத்தா வரைபடத்தையும் கேளுங்கள். முன்முற்றமும் கார் நிறுத்தும் இடமும் எந்த வீட்டோடு சேர்ந்தவை என்று அதில்தான் இருக்கும்.

முத்திரை வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 500,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்ற வரி 9,000 வெள்ளி: முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2 விழுக்காடு. முதல் வீடு வாங்குவோருக்கு இந்த விலை வரை அரசு விலக்கு அளித்து வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் எந்தக் குடியிருப்பு வீட்டிலும் பங்கு இருந்திருக்கக் கூடாது. அப்பா விட்டுச் சென்ற வீட்டில் உங்கள் பெயர் ஏறியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். அண்ணனோடு கூட்டாக வாங்கிய தம்பி, பிறகு தனக்கென்று வாங்கும்போது 'முதல் வீடு' சலுகை கேட்க முடியாது.

இனி, கூரை ஒழுகல். டவுன்ஹவுஸில் கீழ் வீட்டு மேற்கூரையில் ஈரம் கண்டால், மேல் வீட்டிலிருந்துதான் வந்தது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மேல் வீட்டுக்காரர். 2015-இல் வந்த ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகள் அப்படிச் சொல்கின்றன. புகார் எழுத்தில் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். தீராவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மேலே இருப்பது தம்பியே ஆனாலும் விதி ஒன்றுதான்.

தம்பி என்றைக்காவது தன் வீட்டை விற்கலாம். அப்போது மேலே வருபவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். கந்தசுவாமி கோயிலும் பௌத்த மகா விகாரையும் பாத்திமா அன்னை தேவாலயமும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸைப் பார்த்தவர்களுக்கு இது பயப்படும் விஷயமில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வாசலில் பந்தல் போட நினைத்தால், அந்த இடம் பொதுச் சொத்தா என்று முதலில் பாருங்கள். பொதுச் சொத்தென்றால், மேல் வீட்டுக்காரர் தலையாட்டியது போதாது. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.