உயிரை காப்பாற்றுபவர்களுக்கு தூக்கம் இல்லை: 108, தீயணைப்பு ஊழியர்களின் மனச்சுமை

தாம்பரம்,

ஜி.எஸ்.டி. ரோட்டில் விபத்து என்றால் ஓடி வருவது 108 ஆம்புலன்சு ஊழியர்கள். நசுங்கிய காரில் இருந்து ஆளை மீட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு அடுத்த அழைப்புக்கு கிளம்ப வேண்டும். அழக்கூட நேரம் கிடையாது.

2014-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடி கட்டிடம் இடிந்து 61 பேர் பலியானார்கள். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். தீயணைப்பு வீரர்களும், தேசிய பேரிடர் மீட்பு படையினரும் நாள்கணக்கில் இடிபாடுகளை தோண்டினார்கள்.

இந்த மாதிரி வேலைக்கு பிறகு தூக்கம் வராது. பார்த்த காட்சி திரும்ப திரும்ப கண் முன்னே வரும். பிண வாடை மூக்கை விட்டு போகாது. வீட்டில் சும்மா சும்மா எரிந்து விழுவார்கள். சிலர் மதுவை தேடுவார்கள்.

இது கோழைத்தனம் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாக சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் டாக்டரை பார்க்கத்தான் வேண்டும்.

அதற்காக சம்பவம் நடந்த உடனே ஊழியர்களை உட்கார வைத்து, "என்ன பார்த்தாய், சொல்லு" என்று தோண்டி துருவக்கூடாது. அது பலன் தராது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லி இருக்கிறது. ஓய்வு கொடுப்பது, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று விசாரிப்பது, அவராக பேசினால் காது கொடுத்து கேட்பது, இவைதான் உதவும். மேலதிகாரிகள் இதை செய்தாலே பாதி பாரம் குறையும்.

2022-ல் தொடங்கிய "நட்புடன் உங்களோடு" மனநல சேவைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக பேசலாம். ஊழியர் தயங்கினால் வீட்டில் உள்ளவர்களும் போன் செய்து யோசனை கேட்கலாம்.