எச்சம் தெரிந்தால் லத்தீன் எளிது

சென்ற மாதம் ஒரு கலியாணத்தின் பொருட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தோம். தங்கியிருந்த வீட்டின் பின்புறம் பனியன் துணி பின்னும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடிக் கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தினிடையே அவ்வீட்டுப் பெண் ஒரு புத்தகத்தை வைத்துக் கொண்டு விழித்துக் கொண்டிருந்தாள். கல்லூரியில் தாவர சாஸ்திரம் படிக்கிறவள்.

"செடிகளின் லத்தீன் பெயர்கள் மனப்பாடமாகி விட்டன, மாமா. பொருள்தான் விளங்கவில்லை. 'பார்ட்டிஸிபிள்' என்று போட்டிருக்கிறது. இங்கிலீஷ் விளக்கத்தைப் படித்தால் குழப்பம் இன்னும் அதிகமாகிறது" என்றாள்.

முற்றத்தில் காசித்தும்பை பூத்திருந்தது. அதன் லத்தீன் பெயர் 'இம்பேஷியன்ஸ்'. 'பொறுக்காத' என்று பொருள். முற்றிய காயைத் தொட்டால் போதும், பொறுக்காமல் வெடித்து விதைகளைச் சிதறி விடும். "பொறுக்காத என்பது தமிழில் என்ன?" என்று கேட்டோம். "எதிர்மறைப் பெயரெச்சம்" என்று தயங்காமல் சொன்னாள். "நீ தேடுகிற பார்ட்டிஸிபிள் ஏறக்குறைய அதுதான்!" என்றோம்.

திருப்பூரில் பின்னல் தொழிலே பெரிது. ஆயினும் உதாரணத்துக்கு நெசவை எடுத்துக் கொள்வோம். 'தெக்ஸோ' என்றால் 'நெய்கிறேன்'. அதன் பகுதியோடு விகுதி சேர்த்தால் 'தெக்ஸென்ஸ்', அதாவது 'நெய்கின்ற'. 'தெக்ஸெந்துஸ்' என்றால் 'நெய்யப்பட வேண்டிய'. அகராதியில் வினையின் நான்காவது வடிவமாகத் 'தெக்ஸ்தும்' என்று காணப்படும். அதன் இறுதியை மாற்றித் 'தெக்ஸ்துஸ்' என்றால் 'நெய்யப்பட்ட'. 'தெக்ஸ்தூருஸ்' என்றால் 'நெய்யப் போகிற'. இந்நான்கையும் அறிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில் கவனம் வேண்டும். நமது பெயரெச்சம் எந்தப் பெயருக்கு முன்னும் மாறாமல் நிற்கும்: நெய்கின்ற பெண், நெய்கின்ற பெண்ணை, நெய்கின்ற பெண்கள். லத்தீன் எச்சமோ, பெயரின் பால், எண், வேற்றுமைகளைத் தானும் ஏற்கும். 'பெண்' என்பது 'பேமினா தெக்ஸென்ஸ்'. 'பெண்ணை' என்றால் 'பேமினம் தெக்ஸென்தெம்'. ஆகையால் இரு சொற்களும் வாக்கியத்தில் தூரதூரமாக நின்றாலும் இறுதியைக் கொண்டு சேர்த்துவிடலாம்.

அடுத்த வேற்றுமை நமக்குப் பெருமை தருவது. நெய்த பெண், நெய்த தறி, நெய்த ஊர், நெய்த நெசவு, நெய்த நாள், நெய்த துணி என்று செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறினோடும் ஒரே எச்சம் முடியும் என்கிறது நன்னூல். 'தெக்ஸ்துஸ்' என்பதோ துணிக்கு மட்டுமே பொருந்தும். 'நெய்த பெண்' என்பதை லத்தீனில் 'எவள் நெய்தாளோ அவள்' என்று வளைத்தே சொல்ல வேண்டும்.

'தேலா தெக்ஸ்தா' என்று பெயரும் எச்சமும் வேற்றுமை ஏற்றுத் தனித்து வருவதும் உண்டு. அதனைத் 'துணி நெய்யப்பட்டபின்' என்றோ, 'நெய்யப்பட்டதால்' என்றோ, 'நெய்யப்பட்டும்' என்றோ இடம் நோக்கி மொழிபெயர்க்க வேண்டும். இங்கே நமக்குக் கைகொடுப்பவை வினையெச்சமும் அதைப் போன்ற தொடர்களுமே.

இந்த வழி புதிதன்று. ஐரோப்பியர் எதிர்த் திசையிலிருந்து நடந்து வந்த வழிதான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஸீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் 1728-இல் லத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர்கள் லத்தீனை ஏணியாகக் கொண்டு தமிழுக்கு ஏறினார்கள். நம் பிள்ளைகளோ லத்தீனுக்குப் போக இங்கிலீஷ் ஏணியைத் தேடுகிறார்கள். வீட்டிலிருக்கும் ஏணி அவர்கள் கண்ணில் படவில்லை!

அந்த ஏணி இருப்பதும் அருகிலேயே. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்று கொங்கு நாட்டார் போற்றுகிறார்கள். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து நூலின் இலக்கணத்தைச் சொன்னவர் அவர். லத்தீனிலும் அப்படியே, 'தெக்ஸ்துஸ்' என்பதன் வழியாகவே இங்கிலீஷில் பாடத்தைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்னும் சொல் வந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் புத்தகத்தின் ஓரத்தில் பென்ஸிலால் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தோம். 'பார்ட்டிஸிபிள்' என்ற சொல்லுக்கு அருகே 'எச்சம்' என்று எழுதியிருந்தாள்.