கடலுக்கடியில் போய்ப் பார்க்க ஆசையா? மலைக்காரர்களுக்குச் சில விளக்கங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இருப்பவருக்கு ஆழ்கடல் நீர்மூழ்கியைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். கவலைப்பட இரண்டு காரணங்கள் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப ‘மத்ஸ்யா 6000’ என்ற கலத்தை உருவாக்கிவருகிறது. அதற்கான பணம் நம் வரிப்பணம். இன்னொன்று, அந்தமானுக்கும் வெளிநாட்டுக்கும் சுற்றுலா போகிறவர்கள் கடலுக்கடியில் இறங்கிப் பார்க்கிற காலம் இது. அப்படி இறங்கிவிட்டு மலைக்குத் திரும்புகிறவருக்கென்றே தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடலுக்கடியில் அப்படி என்னதான் ஆபத்து? இருட்டோ, சுறாவோ அல்ல. அழுத்தம்தான்.

அழுத்தம் என்றால் என்ன என்று மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேரிங் கிராஸ் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பாருங்கள். ஓரத்து ஒட்டு எப்போது விட்டுக்கொள்ளுமோ என்கிற மாதிரி உப்பி நிற்கும். உள்ளே அடைபட்டிருப்பது சமவெளிக் காற்று. வெளியே இருப்பதோ 2,240 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்று. வெளியிலிருந்து அமுக்குவது குறைந்துவிட்டதால், உள்ளே இருப்பது பாக்கெட்டைத் தள்ளிப் பார்க்கிறது. பர்லியார் தாண்டும்போது உங்கள் காது அடைத்துத் திறப்பதும் இதே கதைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறி முடிப்பதற்குள் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இத்தனை கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் அந்த மாற்றத்தைக் கடலில் பார்க்க எவ்வளவு ஆழம் போக வேண்டும் தெரியுமா? இரண்டே மீட்டர். தண்ணீரின் எடை அப்படி.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று சுமார் ஒரு கிலோ எடையோடு அமுக்குகிறது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு கிலோ கூடும். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில், விரல் நகம் அளவு இடத்தின் மேல் ஏறக்குறைய 380 கிலோ. தொட்டபெட்டா சிகரத்தின் உயரமே 2,637 மீட்டர்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆழத்துக்கு மனிதர்களைக் கொண்டுபோவது சப்மெர்சிபிள் (தாய்க்கப்பலிலிருந்து இறங்கி, வேலை முடிந்ததும் அதனிடமே திரும்பும் சிறு நீர்மூழ்கி). அப்படிப்பட்ட ‘டைட்டன்’ என்ற கலம்தான் 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக்கைப் பார்க்கப் போன வழியில் ஐந்து பேரோடு நொறுங்கியது. அதை நடத்திய ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்ஷும் அந்த ஐவரில் ஒருவர். பயணக் கட்டணம் ஆளுக்கு 2,50,000 டாலர்.

ஏன் நொறுங்கியது? ஆழ்கடல் கலங்களில் ஆட்கள் உட்காரும் அறையைப் பெரும்பாலும் உருண்டையாக, எஃகிலோ டைட்டானியத்திலோ செய்வார்கள். உருண்டையின் மேல் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். டைட்டனின் அறையோ நீள்உருளை. அதிக ஆட்களை ஏற்றலாம் அல்லவா! உடல் கார்பன் ஃபைபர் (கரி இழைகளைப் பசையோடு அடுக்கடுக்காகச் சுற்றி இறுக்கிய பொருள்). எடை குறைவு, இழுத்தால் தாங்கும். ஆனால் சுற்றிலுமிருந்து திரும்பத் திரும்ப அமுக்கினால் அடுக்குகள் மெல்லப் பிரியக்கூடும். எத்தனை முறை தாங்கும் என்று சொல்ல, உலோகத்தில் உள்ள நீண்ட கால அனுபவம் இதில் யாரிடமும் இல்லை.

எச்சரிக்கை எதுவும் இல்லையா? நிறையவே இருந்தது. அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த டேவிட் லோக்ரிட்ஜ் 2018-இல் குறைகளை எழுதிக்கொடுத்தார், வேலை போயிற்று. அதே ஆண்டு, இத்துறை வல்லுநர்கள் பலர் கையெழுத்திட்டுக் கவலை தெரிவித்தார்கள். 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலேறும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. கலத்திலிருந்த கருவிகளும் உடலில் மாற்றம் ஏற்பட்டதைப் பதிவு செய்தன. அதற்குப் பிறகும் பயணங்கள் நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கலம் கனடாவில் வெட்டவெளியில் கிடந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று முடிவு சொன்னது. என் கணக்கில் டைட்டன் கடலில் நொறுங்கியது பிறகுதான். கரையில், சோதனைக்கு உட்பட மாட்டேன் என்றபோதே அதன் கதை முடிந்துவிட்டது.

உள்ளே இருந்தவர்கள் துன்பப்பட்டார்களா என்பது பலர் மனத்தில் இருக்கும் கேள்வி. அந்த ஆழத்தில் கலம் உள்நோக்கி நொறுங்குவது ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். வலியை மூளை உணர்வதற்குக்கூட நேரம் இல்லை. இன்னும் இத்தனை மணி நேர ஆக்சிஜன் மிச்சம் என்று தொலைக்காட்சிகள் நான்கு நாட்கள் கடிகாரம் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் முதல் நாளே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஆழம் குறைவாக இருந்தால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. 1973 ஜூனில் அமெரிக்காவின் ஃபுளோரிடா அருகே ‘ஜான்சன் சீ லிங்க்’ என்ற கலம் சுமார் 110 மீட்டர் ஆழத்தில், மூழ்கிக் கிடந்த பழைய போர்க்கப்பலில் சிக்கிக்கொண்டது. கலம் உடையவில்லை. ஆனால் பின்னறையில் குளிர் ஏறி, கரியமில வாயுவை உறிஞ்ச வேண்டிய வேதிப்பொருள் சரிவர வேலை செய்யாமல் போனது. அங்கிருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கலத்தை வடிவமைத்த எட்வின் லிங்கின் மகன். மூடிய அறைக்குள் ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே, நாம் வெளிவிடும் மூச்சு நம்மைக் கொன்றுவிடக்கூடும்.

2025 மார்ச் 27 அன்று எகிப்தின் ஹுர்காதாவில், பவளப்பாறை காட்டும் ‘சிந்துபாத்’ சுற்றுலா நீர்மூழ்கி கரைக்கு அருகிலேயே மூழ்கி, ரஷ்யப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். அதில் போனவர்கள் சாகச வீரர்கள் அல்ல, குழந்தை குட்டிகளோடு விடுமுறைக்கு வந்தவர்கள்.

அப்படியானால் மத்ஸ்யா? 2021-இல் தொடங்கிய சமுத்ரயான் திட்டம் அது. ஆட்கள் உட்காரும் அறை டைட்டானியக் கலவை உலோகத்தால் ஆன உருண்டை, விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். வழக்கமாக 12 மணி நேரம் இயங்கும். ஏதாவது தவறினால் 96 மணி நேரம் உயிர் காக்கும் ஏற்பாடு உண்டு. முதலில் எஃகு உருண்டை ஒன்றை ஆளில்லாமல் வங்கக் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் தண்ணீருக்குள் சோதனைகள் நடந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் நம் வீரர்கள் இருவர் பிரான்சின் ‘நாட்டீல்’ கலத்தில் ஏறி, அட்லாண்டிக்கில் ஒருவர் 4,000 மீட்டருக்கும் கீழே, மற்றவர் 5,000 மீட்டருக்கும் கீழே போய்வந்தார்கள்.

இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. தாமதமாகிறதே என்று சிலர் அலுத்துக்கொள்வது காதில் விழுகிறது. தாமதம் ஆகட்டும். அமெரிக்காவின் ‘ஆல்வின்’ 1964 முதல் 5,000 முறைக்கு மேல் இறங்கியும் உள்ளே ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றால், ஒவ்வொரு பாகத்தையும் குறித்த காலத்தில் கழற்றிச் சோதிக்கும் பழக்கம்தான் காரணம்.

இனி உங்கள் விஷயம். சுற்றுலாவில் கடலடிச் சவாரிக்குச் சீட்டு வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

முதலில், அது உண்மையில் முங்குகிறதா என்று கேளுங்கள். அந்தமானில் நார்த் பே பக்கம் ஓடுவது செமி சப்மரின் (அடித்தளத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த படகு). அது மூழ்குவதே இல்லை. நீங்கள் உட்காரும் இடம் மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கே படகுக்கான எச்சரிக்கை போதும்: லைஃப் ஜாக்கெட், மேலேறும் படி எங்கே, அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிறார்களா.

முழுக்க மூழ்கும் கலமாக இருந்தால், எந்த அமைப்பிடம் தரச்சான்று பெற்றது, அது எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள். டிஎன்வி, ஏபிஎஸ், லாயிட்ஸ் போன்றவை இப்படிச் சான்று தரும் அமைப்புகள். டைட்டனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. பயணிகள் கையெழுத்திட்ட தாளிலேயே அது எழுதியிருந்தது. ஆகவே நீட்டுகிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டதற்கு மழுப்பினால் சீட்டுப் பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள். உங்கள் பயணக் காப்பீடு இப்படிப்பட்ட சவாரிகளை விலக்கி வைத்திருக்கிறதா என்பதையும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

நீர்மூழ்கியில் போய்வந்தால் காது, மூச்சு கெடுமா? கெடாது. கலத்துக்குள் கடல் மட்டத்துக் காற்றழுத்தமே இருக்கும். ஸ்கூபா அப்படி அல்ல. முதுகில் காற்று உருளையோடு நீங்களே தண்ணீருக்குள் இறங்குவதால் அழுத்தம் முழுவதும் உங்கள் உடம்பின் மேல்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்கூபாவில் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் கரைகிறது. மேலே வந்தபின் மெல்ல மெல்ல மூச்சில் வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்காமல் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், கோலி சோடாவைத் திறந்தது போல் உடம்புக்குள்ளேயே குமிழிகள் கிளம்பும். இதற்குப் பெயர் டிகம்ப்ரெஷன் நோய் (அழுத்தம் குறைவதால் வரும் குமிழி நோய்).

ஸ்கூபா செய்தால் உடனே விமானம் ஏறக் கூடாது என்று பயிற்சியாளர் சொல்வார். ஆனால் காரில் மலை ஏறக் கூடாது என்று பலரும் சொல்வதில்லை, அவர்கள் கடற்கரைக்காரர்கள். விமானத்துக்குள் பறக்கும்போது இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய குன்னூர், ஊட்டிக் காற்றழுத்தம்தான். ஆக, விமானத்துக்கான விதி நம் மலைப்பாதைக்கும் பொருந்தும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறையோ பல நாட்களோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் பரிந்துரை. முழுதாக ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. புதுச்சேரியில் காலையில் ஸ்கூபா, இரவு பஸ்ஸில் மேட்டுப்பாளையம், விடிவதற்குள் குன்னூர் என்று திட்டம் போடாதீர்கள். ஸ்கூபாவை முதல் நாளில் முடித்துவிட்டு, மற்ற இடங்களைப் பிறகு பாருங்கள். வேறு வழியில்லை என்றால் அந்த இரவைச் சமவெளியிலேயே கழியுங்கள்.

வந்துவிட்டால் எப்படித் தெரியும்? தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் குடைச்சல், கைகால் மரத்துப்போதல், தலைச்சுற்றல், தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், காரணமில்லாத அசதி, மூச்சுத்திணறல். மலையில் இதையெல்லாம் குளிர் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம். சமீபத்தில் ஸ்கூபா செய்திருந்தால் அப்படி விடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். இதற்கு முதல் உதவி ஆக்சிஜன். முழுச் சிகிச்சை அதிக அழுத்த ஆக்சிஜன் அறையில். வலிமாத்திரை போட்டுக் காத்திருப்பதால் குமிழி கரையாது.

மருத்துவரிடம் போனதும், எங்கே வலிக்கிறது என்பதோடு எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம் கடலில் இறங்கினீர்கள், எத்தனை மணிக்கு மலை ஏறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஊட்டியில் எந்த மருத்துவரும் கடலைப் பற்றிக் கேட்க நினைக்க மாட்டார்.