குதிகால் முள்ளை வெட்டலாமா?

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குதிகால் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். ஊசி போட்டும் வலி திரும்பிவிட்டது. முள்ளை வெட்டி எடுத்துவிடலாமா?"

அவசரம் வேண்டாம். வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அதே முள் தெரிகிறது. காலையில் முதல் அடி வைத்ததும் சுரீரென்று குத்துவது பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் நார்ப்பட்டைதான். நின்று நின்றே அது நைந்துபோகிறது.

இந்தப் பட்டையின் வேலை அபாரமானது. உட்கார்ந்தபடி கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி வளையுங்கள். உள்ளங்காலின் வளைவு தானாக உயரும். வைக்கோல் பாரம் ஏற்றியதும் என் அப்பா கயிற்றுக்குள் கட்டையைச் செருகி முறுக்குவார். தொளதொளத்த கயிறு விறைத்து, பாரம் ஒரே கட்டாக நிற்கும். விரல் வளையும்போது பட்டையும் அப்படித்தான் முறுக்கேறிப் பாதத்தை இறுக்குகிறது. 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார்.

மருந்தும் இதற்குள்ளேயே இருக்கிறது. படி விளிம்பில், சுருட்டிய துண்டின் மேல் விரல்களை வைத்து நின்று, குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வில், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. காலையில் தரையில் கால் ஊன்றுமுன் விரல்களைப் பின்னுக்கு இழுத்து நீட்டிவிடுவதும் நல்லது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை கிழியலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையலாம். ஆறு மாதம் தாண்டியும் விடாத வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை உண்டு. சிறுநீரகக் கல்லை உடைக்கும் கருவியின் வழிவந்தது என்றாலும் இது முள்ளை உடைப்பதில்லை. கத்தி கடைசி வழி. அப்போதும் பெரும்பாலும் பட்டையின் ஒரு பகுதியைத்தான் வெட்டுவார்கள். சர்க்கரை நோயோ கால் மரமரப்போ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்று உறுத்துகிறது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடச் சொல்கிறோம். இந்த வாசகியோ கடையின் கிரானைட் தரையில் வெறுங்காலோடு பத்து மணிநேரம் நிற்கிறார். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. அம்மா, மருத்துவர் சீட்டைக் காட்டிச் செருப்புக்கு அனுமதி கேளுங்கள். நாற்காலியையும் சேர்த்தே கேளுங்கள். அது உங்கள் உரிமை.