25 என்றால் எந்த 25?

மாணவர்களே, மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் போமே ஹைட்ரோமீட்டரில் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25-ஐ எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் கசப்பான மக்னீசிய உப்புகளும் சேரும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும்.

இந்தக் கண்காணிப்பைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் ஒப்படைத்ததாக வைத்துக்கொள்வோம். பாத்தியை அது பார்ப்பதில்லை. கருவியைப் பற்றி நாம் எழுதித்தரும் குறிப்பைத்தான் படிக்கிறது. 'நீரின் அடர்த்தியைத் தரும்' என்றால் போதுமா? 25 போமே டிகிரி நீரின் ஒப்படர்த்தி 1.21 தான். 25-ஐயே ஒப்படர்த்தியாகக் கொண்டால், பாதரசத்தைவிடக் கனமான உப்புநீர் அல்லவா அது!

'பாத்தி எண்ணைக் கொடுத்தால் நீரின் செறிவைப் போமே டிகிரியில் தரும்; பாத்தி காய்ந்திருந்தால், நீர் இல்லை என்று சொல்லும்' என எழுதுங்கள். பிற்பகுதியை எளிதில் விட்டுவிடுவோம். காய்ந்த பாத்திக்கு வெறும் 0 வந்தால்? போமே அளவில் 0 என்பது தூய நீர். மழை கொட்டிவிட்டது என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும்!