ஆய்வு மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் துணைகள்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யும் மாணவர் பெரும்பாலும் தம் நெறியாளர் ஒருவரையே நம்பியிருக்கிறார். ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி உதவி ஏற்பாடுகள் உண்டு. சிக்கல் முற்றிய பிறகு தேடிப் போவதைவிட, உரிய கட்டத்திலேயே அவற்றை நாடுவோருக்குத்தான் முழுப் பயன் கிடைக்கும்.

முதல் ஏற்பாடு பாடநெறி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி ஆய்வு மாணவர் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடம் படித்துத் தேர வேண்டும். ஆய்வு முறையியல், ஆய்வு வெளியீட்டு நெறிகள் ஆகியவை இதில் அடங்கும். இதைச் சடங்காகக் கடத்திவிடுவோர் பின்னாளில் தரவைப் பகுத்தாய முடியாமலும், போலி ஆய்விதழ்களை அடையாளம் காண முடியாமலும் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது ஆய்வு ஆலோசனைக் குழு. ஆய்வுத் தலைப்பை இறுதி செய்வது, ஆய்வு வடிவமைப்பில் வழிகாட்டுவது, முன்னேற்றத்தை மதிப்பிடுவது ஆகியவை இதன் பணிகள். மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் இக்குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும். நெறியாளரின் கண்ணுக்குத் தப்பிய குறை வேறொரு பேராசிரியருக்குத் தெரியலாம். செய்து முடித்ததை ஒப்பிப்பதோடு நிற்காமல், எங்கே தடைபட்டு நிற்கிறோம் என்பதையும் சொன்னால்தான் குழுவின் அனுபவம் கைகொடுக்கும்.

நூலகத்தின் துணை இன்று அலமாரிகளைக் கடந்துவிட்டது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். தலைப்பைத் தேர்வதற்கு முன்பே அதில் தேடிப் பார்த்தால், பிறர் செய்து முடித்ததைத் திரும்பச் செய்யும் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியே அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. நகர்ப்புறப் பெரிய நிறுவனங்களுக்கே எட்டிய இதழ்கள் சிற்றூர் அரசுக் கல்லூரி ஆய்வாளருக்கும் எட்டுவது பெரிய மாற்றம். இவற்றைத் தேடும் முறையையும், ஸோடெரோ போன்ற இலவச மென்பொருளில் மேற்கோள் குறிப்புகளைச் சேமிக்கும் முறையையும் நூலகரிடம் கேட்டுக் கற்கலாம்.

எழுத்துக் கட்டத்தில் உதவுவது, ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை. மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரா. ஆய்வேடு முழுவதையும் கடைசி வாரத்தில் சோதிப்பதைவிட, ஒவ்வோர் இயலையும் எழுதி முடித்ததும் சோதித்துத் திருத்துவது நல்லது.

காலமும் பணமும் கூட ஆய்வுக்குத் துணைதான். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள் என்பது பொது வரம்பு. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்புப் பெறலாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோருக்கு முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன.

நெறியாளரோடு பிணக்கு, மதிப்பீட்டில் தாமதம், உதவித்தொகை நிலுவை போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கிறது. மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; முடிவில் நிறைவில்லையெனில் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மன அழுத்தம் மிகும்போது வளாக மனநல ஆலோசகரை அணுகலாம். 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.