டோர்டியா: சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

ஸ்பெயினில் 'டோர்டியா' கேட்டால் உருளைக்கிழங்கு போட்ட தடித்த முட்டை அடை வரும். மெக்சிகோவில் கேட்டால் வட்டமான, மெல்லிய மக்காச்சோள ரொட்டி. 16-ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஸ்பானியர்கள், அங்கு வீட்டுக்கு வீடு சுட்ட ரொட்டியைப் பார்த்து, 'சின்ன அப்பம்' என்ற பொருளில் தங்கள் சொல்லையே வைத்துவிட்டார்கள். நாவாட்டில் மொழி பேசிய அஸ்டெக் மக்களுக்கு அது 'த்லாஷ்கல்லி'.

மாவைப் பிசைந்து சுட்டால் டோர்டியா ஆகிவிடாது. மக்காச்சோளத்தில் கோதுமையைப் போல் இழுபடும் பசைப்புரதம் இல்லை. வெறும் மாவைத் தட்டினால் ஓரமெல்லாம் வெடித்து உதிரும். இதற்கு மெக்சிகோவின் பழங்குடிகள் கண்ட வழி சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான்.

காய்ந்த மக்காச்சோளத்தை, கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு கரைத்த நீரில் கொதிக்கவிட்டு இறக்கி, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காரம் ஏறிய நீரில், மணியின் தோலைப் பிடித்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் கரைகிறது. காலையில் அலசும்போது தோல் கையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இப்படிப் பக்குவமான சோளத்துக்கு 'நிஷ்டமால்' என்று பெயர். இதை அரைத்தால் வருவது 'மாசா' என்ற ஈரமாவு. ஓரளவு வெந்த மாவுச்சத்தும் உள்ளே புகுந்த கால்சியமும் சேர்ந்து அதைப் பிடிப்பாக வைக்கின்றன. டோர்டியாவின் தனி மணமும் இந்தச் சுண்ணாம்பிலிருந்து பிறப்பதுதான்.

அரைக்க 'மெடாடே' என்ற கல். நம் அம்மி போன்றதே, ஆனால் மூன்று கால்களில் சாய்ந்து நிற்கும். பெண்கள் அதன்முன் மண்டியிட்டு, தினமும் பல மணி நேரம் அரைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக அரவை ஆலைகள் வந்த பிறகுதான் அந்த முதுகுகளுக்கு ஓய்வு கிடைத்தது. சமையல் வரலாற்றில் இதைவிடப் பெரிய விடுதலையை நான் அறியேன்.

அரைத்த மாவை உருட்டித் தட்டி, 'கொமால்' என்ற சூடான தட்டில் போடுவார்கள். இரு பக்கமும் மேற்பரப்பு காய்ந்ததும் உள்ளே நீராவி சிக்கிக்கொள்ள, ரொட்டி உப்பி எழும். அதில் கறியோ பீன்ஸோ வைத்து மடித்தால் டாக்கோ. மிளகாய்க் குழம்பில் தோய்த்துச் சுருட்டினால் என்சிலாடா. மொறுமொறுவென்று பொரித்தால் டோஸ்டாடா. மீந்துபோன டோர்டியாவைத் துண்டாக்கிப் பொரித்துக் குழம்பில் போட்டால் காலை உணவான சிலாகிலெஸ். வடக்கே சொனோராவில் கோதுமை டோர்டியாவும் உண்டு.

சுண்ணாம்பு செய்யும் இன்னொரு வேலையை உலகம் மிகத் தாமதமாக, பெரும் விலை கொடுத்து அறிந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் இருந்தாலும், உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி அது கட்டுண்டு கிடக்கிறது. காரம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். ஸ்பெயினின் அஸ்துரியாஸில், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் தோல் வெடிக்கும் நோயை 1735-இல் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் கவனித்தார். பெல்லாக்ரா என்று பின்னால் பெயர் பெற்ற அந்த நோய், வட இத்தாலியிலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பலர் அதைத் தொற்றுநோய் என்றே நம்பியிருந்தபோது, உணவுக் குறைதான் காரணம் என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர். நியாசினே மருந்து என்பது 1937-இல்தான் தெளிவானது. சுண்ணாம்பில் வேகவைத்து, பீன்ஸோடு சேர்த்து உண்ட மெக்சிகோவின் சிற்றூர்களை அந்த நோய் அப்படி வாட்டவில்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு சொல்: நம் கடைகளில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைக்கும் வெள்ளை மாவு வெறும் மாவுச்சத்து, அதில் டோர்டியா வராது. சாதாரண மக்காச்சோள மாவும் உதவாது. 'மாசா ஹரினா' என்று அச்சிட்ட பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள்; அது சுண்ணாம்பில் பக்குவப்படுத்திக் காயவைத்து அரைத்த மாவு.